எவரிஸ்தோவின் மீசையும் மூன்று கால் அம்மியும்

எவரிஸ்தோவுக்குத் தெரியாத வேலை உலகத்தில் கிடையாது. செய்த வேலைதான் கிடையாது.

மெக்சிகோவில் வாஹாக்கா சந்தையில் தொப்பி விற்கிற இந்த மகானுபாவன், வெள்ளிக்கிழமை காலையில் மனைவி எர்மெலிந்தாவிடம் வாயைக் கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமை இவர்கள் மகளின் கல்யாணத் தேதி குறிக்கச் சம்பந்தி தோன் ஃபிதென்சியோ வருகிறார். நுரை பொங்கச் சாக்லெட் கொடுக்காவிட்டால் குடும்ப மானம் போய்விடும்.

"சாக்லெட் அரைக்கணும். ரெண்டு நாளைக்கு அடுப்படிப் பக்கம் வராதே" என்றாள் எர்மெலிந்தா.

"இருபத்திரண்டு வருஷமா இதே கூத்துடி! நீ கதவைச் சாத்திக்கிறே, நான் ஆறிப்போன ரொட்டியைக் கடிக்கிறேன். கொட்டைய வறு, தோலை ஊது, அரை. இதுக்கு ரெண்டு நாளா? ஆம்பளை உக்காந்தா மத்தியான மணி அடிக்கிறதுக்குள்ள முடிஞ்சுது!"

"அப்ப நீயே அரையேன்."

"அரைக்கிறேன்! இந்தக் கையால அரைக்கலேன்னா மீசைய எடுத்துடறேன். மாதா மேல ஆணை!"

"மாதாவை எதுக்கு இழுக்கறே? மீசை போதும்" என்று கூடையை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

வறுத்தான். பாதி கொக்கோ கரியானது. தோலை ஊதினான். தோல் கண்ணில் விழுந்தது, பருப்பு கோழிக்குப் போனது. மிச்சத்தை மூன்று கால் அம்மியில் கொட்டி, மண்டி போட்டு அரைத்தான். அம்மிக்கு அடியில் தணல் போட்டால்தான் கொக்கோ இளகும் என்று இந்த மேதைக்கு யார் சொல்வது? ஒரு மணி நேரம் அரைத்தும் மணல் மணலாகவே கிடந்தது. எழுந்திருக்கப் பார்த்தான். முழங்கால் வரமாட்டேன் என்றது. சுவரைப் பிடித்து நிமிர்ந்தவன், புதுக் கொக்கோவை வாங்கிக்கொண்டு சந்து வழியாகக் காயேத்தானாவின் மில்லுக்கு நொண்டினான்.

"எப்பவும் போலத்தானே? பட்டை கொஞ்சம் தூக்கலா?" என்றாள் மில்லுக்காரி.

"எப்பவும்னா?"

"உங்க வீட்டுக்காரி பக்குவம்தான். இருபத்திரண்டு வருஷமா இங்கதானே அரைக்கிறா! அரை மணி நேர வேலை. மிச்ச நேரமெல்லாம் இந்தப் பெஞ்சுல உக்காந்து என்கூட ஊர்க்கதை."

எவரிஸ்தோவுக்கு ரத்தம் கொதித்தது. அடிப்பாவி! அத்தனை ஆறின ரொட்டியும் இதற்குத்தானா? ஊரைக் கூட்டிக் கேட்கிறேன் என்று கிளம்பியவன் நாலு எட்டில் நின்றான். 'உனக்கெப்படித் தெரியும்?' என்று ஊர் திருப்பிக் கேட்டால்? மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டு திரும்பிப் போய், சாக்லெட்டை அரைத்து வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தான்.

ஞாயிற்றுக்கிழமை எர்மெலிந்தா மத்தை உருட்ட, நுரை கிண்ணத்துக்கு மேலே எழுந்து நின்றது. சம்பந்தி ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"யார் கைப்பக்குவம் இது?"

"இவரோடதுதான்!" என்றாள் எர்மெலிந்தா. ஆள் முன்னால் மரியாதை வழிந்தது. "மண்டி போட்டு, இந்தக் கையாலேயே அரைச்சார். ஏங்க, நீங்களே சொல்லுங்களேன்."

"ஆமா... கையாலதான்" என்றான்.

சம்பந்திக்குக் கண் கலங்கிவிட்டது. "பொண்ணுக்காக அப்பன் மண்டி போட்டு அரைச்சானா! அப்ப கல்யாணத்துக்கும் உங்க கையாலதான் சம்பந்தி. முந்நூறு பேரும் குடிக்கட்டும்!"

"அதுக்கென்ன, முற்றத்து நடுவுல அம்மியைப் போட்டுடலாம். வர்றவங்க எல்லாரும் பாக்கட்டும்" என்று முடித்துவிட்டாள் மகராசி.

எவரிஸ்தோ அடுப்படிக்குள் நொண்டிப் போய்ப் பல்லைக் கடித்தான்.

"ஏண்டி, நீ மட்டும் இருபத்திரண்டு வருஷமா மில்லுல அரைக்கலாமா?"

எர்மெலிந்தா மத்தைக் கழுவிக்கொண்டே சொன்னாள்:

"போய்ச் சம்பந்திகிட்ட சொல்லேன். எனக்கென்ன, எடுக்கறதுக்கு மீசையா இருக்கு?"