பின்பக்கப் புஷ் ஒன்று

ஒரு காட்டில் ஒரு சிங்கராஜா இருந்தார். அவர் பாட்டுக்கு இருக்கட்டும், நமக்கு அவர் வேண்டாம். அதே காட்டில் மெல்லாயி என்று ஒரு தேவாங்கு வேன் ஓட்டிப் பிழைத்துக்கொண்டிருந்தாள்.

தேவாங்கு எப்படி நகரும் என்று உங்களுக்குத் தெரியும். மாசியில் கையைத் தூக்கினால் பங்குனியில்தான் மூக்கைச் சொறியும். கிளட்ச் வைத்த வண்டியில் அவள் முதல் கியரிலிருந்து இரண்டாம் கியருக்குப் போவதற்குள் மேடு முடிந்து பள்ளம் வந்துவிடும். அதனால்தான் தானே கியர் மாற்றிக்கொள்ளும் ஆட்டோமேட்டிக் வண்டியாகப் பார்த்து வாங்கியிருந்தாள்.

அந்த வேன் ஒரு நாள் பின்பக்கம் கடகடவென்று ஆட ஆரம்பித்தது. போன வழியெல்லாம் எண்ணெய்க் கோலம். வெள்ளிக்கிழமை வண்டியைக் காட்டி, ஓடத் தகுதி உண்டு என்கிற எஃப்.சி. வாங்க வேண்டும். தவறினால் பர்மிட் போட்டிக்குக் காத்திருக்கிற கழுதைப்புலிக்குப் போய்விடும். மெல்லாயி பழையபடி மரத்துக்கு மரம் தொங்கிக்கொண்டு போகவேண்டியதுதான்.

பட்டறையில் அழுங்கு மேஸ்திரி வேனுக்கடியில் நுழைந்தார். அவருக்கு உடம்பெல்லாம் செதில். தரையில் ஏதாவது உதிர்ந்து கிடந்தால் அது வாஷரா, தன் செதிலா என்று அவருக்கே சந்தேகம் வரும்.

"தாயி, கியர் பாக்ஸ் கூண்டுல பின்வாய்க்குள்ள ஒரு வளையம் இருக்கு. தண்டு ஆடாம பிடிச்சுக்கும். அதுக்குப் பேரு புஷ். அது தேஞ்சு அப்பளமாயிடுச்சு."

"மாத்த முடியுமா அண்ணே?"

"மாத்திடலாம். அரண்மனை ஸ்டோர்ல இந்தச் சீட்டைக் குடுத்து வாங்கிட்டு வா."

சீட்டில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: 'வேனுக்குப் பின்பக்கப் புஷ் - 1.'

ஸ்டோரில் கீரி குமாஸ்தா. வரிசையில் நின்ற மெல்லாயி கையை நீட்டினாள். சீட்டு கவுண்டருக்குள் போய்ச் சேர்வதற்குள் கீரி சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டது.

"பின்பக்கப் புஷ்ஷா?" கீரி தன் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தது. அதிலும் 'புஷ்' என்றுதான் எழுதியிருந்தது. தள்ளினால் திறக்கிற கதவு. "ஓ, வேனைப் பின்னாலேர்ந்து தள்ளணுமா! இதுக்கா இவ்வளவு சுத்தி வளைச்சு எழுதுறாங்க?"

பதிவேட்டில் 'புஷ்: யானை, ஒன்று' என்று எழுதி, ஒரு முத்திரை குத்தி, கோயில் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்திருந்த சாரங்கன் யானையை வெளியே விட்டது.

"வே... ண்..." என்று ஆரம்பித்தாள் மெல்லாயி. 'டாம்' வருவதற்குள் கவுண்டர் மூடிவிட்டது.

யானையைப் பார்த்ததும் மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார்.

"புஷ் கேட்டா யானையைக் கொண்டாந்திருக்கியே தாயி! இவரை நான் எங்கே மாட்டுறது?"

"நான் வேணா சுருங்கி உக்காந்துக்கிறேன்" என்றது யானை. பாவம், நல்ல மனசு.

"ஐயா சாமி, எனக்கு வேண்டியது இத்தனூண்டு பித்தளை வளையம்!"

யானை தன் கொம்பு நுனியைப் பார்த்தது. கோயிலில் மாட்டிவிட்ட பித்தளைப் பூண் அங்கே பளபளத்தது. "இது ஆகுமா பாருங்க. கரும்பு ஒடிக்கும்போதெல்லாம் நார் மாட்டிக்கிட்டு ஒரே தொந்தரவு."

மேஸ்திரி அளந்து பார்த்தார். கண் விரிந்தது. பூணைக் கழற்றி, அளவுக்குக் கடைசல் பிடித்தார். தேய்ந்த புஷ்ஷைத் தட்டி எடுத்தார். கூண்டைச் சூடாக்கி, எண்ணெய் ஓட்டைக்கு ஓட்டை நேர் பார்த்து, பூணை வைத்து நாலு தட்டு தட்டினார். புது ஆயில் சீலும் போட்டு மூடினார். வேன் வெண்ணெயில் வழுக்குகிற மாதிரி ஓடியது.

வெள்ளிக்கிழமை நாரை ஆய்வாளர் வந்தார். ஒற்றைக்காலில் நின்று, கழுத்தை வளைத்து, வண்டிக்கடியில் பார்த்தார்.

"ஆட்டம் இல்லை. ஒழுகல் இல்லை. நல்லாயிருக்கு."

மெல்லாயிக்கு உயிர் வந்தது. சிரிக்க ஆரம்பித்தாள். நாரை ஸ்டோர் பதிவேட்டைப் புரட்டினார்.

"மாற்றிய பாகம்: யானை, ஒன்று. எங்கே யானை?"

பாதி விரிந்த சிரிப்பு அப்படியே நின்றது.

"யானை பாகம் இல்லீங்க சார்" என்றார் மேஸ்திரி. "அவரு பூணைத்தான் உள்ளே மாட்டியிருக்கேன்."

"அப்போ யானையில கொஞ்சம் வண்டிக்குள்ள இருக்கு, மிச்சம் வெளியில நிக்குது. பாகத்தை அரைகுறையா மாட்டின வண்டிக்கு நான் எப்படிய்யா எஃப்.சி. குடுக்கிறது?"

வேலிக்கு அந்தப்பக்கம் கழுதைப்புலி சிரித்தது. மெல்லாயி யானையைப் பார்த்தாள். "ஏ... று..." 'ங்க' வருவதற்குள் யானை ஏறிவிட்டது. இருக்கைகளெல்லாம் நொறுங்கின. வேனின் மூக்கு மேலே தூக்கிக்கொண்டது. நாரை முத்திரை குத்தினார்.

இன்றைக்கும் அந்த வேன் ஓடுகிறது. உள்ளே யானை, ஜன்னலோரம். பயணிகள் ஏற இடமில்லை, அவர்கள் பக்கத்திலேயே நடந்து போகிறார்கள். மெல்லாயி மட்டும் நிம்மதியாக ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறாள். அன்றைக்கு விட்ட இடத்திலிருந்து சிரிப்பை இப்போதுதான் முடித்திருக்கிறாள்.

நீதி: வண்டிக்கு வேண்டிய பாகத்தை வாயால் கேளுங்கள். சீட்டு எழுதிக் கேட்டால் யானை வரும்; பதிவேட்டில் ஏறிய யானை வண்டியிலும் ஏறாமல் விடாது.