எழுபதாவது கேக்கும் ஒன்று இருபது பஸ்ஸும்

முப்பத்திரண்டு ஆண்டுகள் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவன் நான். ராகு காலம் பார்க்கிறவர்களை வகுப்பில் நிற்கவைத்துக் கிண்டல் செய்திருக்கிறேன். ஆகவே இந்தக் கதையை எங்கிருந்து தொடங்கினாலும் எனக்கு அசிங்கம்தான். நேராகவே சொல்லிவிடுகிறேன்: ராகு காலத்துக்குப் பயந்து ஒரு பையனின் வேலையைக் கெடுத்தேன்.

மனைவி இருந்தவரை, காலண்டர் தாளைக் கிழித்து நேரம் பார்ப்பது அவள், சிரிப்பது நான். அவள் போன பிறகு, மகள் என்னை மதுரையிலிருந்து சென்னையை ஒட்டிய வடக்குப்பட்டிலுள்ள தன் வாடகை வீட்டுக்கு அழைத்து வந்தாள். வந்த மறுநாளே கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒரு தினக் காலண்டரை மாட்டினேன். காலையில் தாளைக் கிழிக்கும்போது ராகு காலத்தை ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வேன். யாரிடமும் சொன்னதில்லை. (செத்துப்போன மனைவியிடம் தோற்றுப்போனதை யாரிடம் போய்ச் சொல்வது?)

மகளும் மருமகனும் கம்பெனிக்கும் பேத்தி பள்ளிக்கும் போய்விட்டால், சுவரும் நானும்தான். அந்த ஊரில் எனக்குக் கிடைத்த நண்பர்கள் கீழ் அறையில் குடியிருந்த சுடலைமுத்துவும் அந்தோணியும். தென்காசிப் பக்கத்துப் பிள்ளைகள். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் பயிற்சியில் இருந்தார்கள். எந்த ஷிப்டாக இருந்தாலும் படியேறி வந்து, "சாப்ட்டீகளா சார்?" என்று கேட்காமல் போகமாட்டார்கள்.

என் எழுபதாவது பிறந்தநாள் ஒரு புதன்கிழமை வந்தது. அன்று அவர்களுக்கு மத்தியான ஷிப்ட். கம்பெனி பஸ் தெருமுனைக்கு ஒன்று இருபதுக்கு வரும். பன்னிரண்டே முக்காலுக்குக் கேக்கோடு வந்துவிட்டார்கள். கீழே குடியிருக்கும் வீட்டுச் சொந்தக்காரர் வசந்தாம்மாவும் வந்தார். அந்தோணி என் தலையில் கூம்புத் தொப்பி ஒன்றை மாட்டி, ரப்பரைத் தாடைக்குக் கீழே இழுத்துவிட்டான்.

"வெரசா வெட்டுங்க சார்," என்றான். "இந்த மாசம் தாண்டிட்டா ரெண்டு பேரும் பெர்மனென்ட். சுடலை ஏற்கெனவே ஒருக்கா லேட்டு. இன்னொரு தடவ ஆச்சுன்னா சூப்பர்வைசர் லிஸ்ட்ல இருந்து பேரை எடுத்துருவாரு."

"நீ சும்மா இருலே. சார்வாள பயங்காட்டாத," என்றான் சுடலை.

கத்தியை எடுத்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன். பக்கத்தில் காலண்டர். புதன்: பன்னிரண்டு முதல் ஒன்றரை வரை. கை நின்றுவிட்டது.

எழுபதாவது பிறந்தநாள் கேக்கை ராகு காலத்தில் வெட்டுவதா? அதற்காக 'ராகு காலம், பிறகு வெட்டுவோம்' என்று ஓர் இயற்பியல் பேராசிரியர் வாயால் சொல்வதா? இரண்டும் முடியவில்லை. மூன்றாவதாக ஒன்றைச் செய்தேன்.

"வெட்டுவதற்கு முன்னால், இரண்டு வார்த்தை," என்றேன்.

நான் பிறந்ததிலிருந்து தொடங்கினேன். ஒரு மணிக்குத்தான் பள்ளிக்கூடத்திலேயே சேர்ந்தேன். வசந்தாம்மா, "அடுப்புல கொழம்பு கீது சார், நீ பேசு," என்று இறங்கிப் போய்விட்டார். கல்லூரி, முதல் வேலை, கல்யாணம் எல்லாம் முடிந்தும் மணி ஒன்று பத்துதான். சொல்ல விஷயம் தீர்ந்துபோகவே, மூடநம்பிக்கைகளைக் கண்டித்து ஒரு பத்து நிமிடம் பேசினேன். (ஆம், ராகு காலம் முடிவதற்காக, ராகு என்று ஒரு கிரகமே கிடையாது என்று விளக்கிக்கொண்டிருந்தேன்.) சுடலை செல்போனை எடுத்து மணி பார்த்தான். பழைய வாத்தியார் புத்தி, ஒரு முறை முறைத்தேன். போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு கையைக் கட்டினான்.

கீழேயிருந்து வசந்தாம்மாவின் குரல் வந்தது. "இன்னா சார், பஸ்ஸு போய்கினே கீது! புள்ளைங்க இன்னும் மேலயா குந்திகினு கீதுங்க?"

இருவரும் படிகளில் பறந்தார்கள். பின்னால் நானும். "நீங்க எதுக்கு சார் வாரீக?" என்றான் அந்தோணி. "நான் சொன்னால் கேட்பார்கள்," என்று ஷேர் ஆட்டோவில் ஏறிக்கொண்டேன். ஒரகடம் கூட்டுரோட்டில் எங்களுக்கு முன்னால் ஒரு கன்டெய்னர் லாரி, அதற்கு முன்னால் இன்னொரு கன்டெய்னர் லாரி. தொழிற்சாலை வாசலை அடைந்தபோது மணி இரண்டு இருபது. ஷிப்ட் தொடங்கி இருபது நிமிடம்.

சூப்பர்வைசர் வெளியே வந்தார். என் மகளைவிட இளையவர். "ஏன் லேட்டு?" என்று சுடலையைக் கேட்டார். அவன் உண்மையைச் சொல்ல வாயெடுத்தான். நான் முந்திக்கொண்டேன்.

"எனக்குத் திடீரென்று நெஞ்சுவலி. இந்தப் பிள்ளைகள்தான் காப்பாற்றினார்கள்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு முகத்துக்குச் சற்று மேலே பார்த்தார்.

"நெஞ்சுவலிக்கு டாக்டர் தொப்பியா குடுத்தாரு, ஐயா?"

தலையைத் தடவினேன். கூம்பு கையில் தட்டியது. 'ஹேப்பி பர்த்டே' என்று தங்க எழுத்தில். செக்யூரிட்டி திரும்பி நின்று சிரித்தார். சூப்பர்வைசர் சிரிக்கவில்லை.

"லேட்டுன்னு சொல்லியிருந்தாக்கூட பாத்திருப்பேன்," என்றார் சுடலையிடம். "பெரியவர இட்டுகினு வந்து பொய் சொல்ல வைக்கிற பாரு."

சுடலை என்னைப் பார்த்தான். 'அவன் சொல்லவைக்கவில்லை, பொய் என்னுடையது' என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சற்று முன்புவரை நிறுத்தாமல் பேசிய வாய் அது. அந்த ஒரு வரி வரவில்லை. தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றேன்.

வெட்டாத கேக்கில் அன்று சாயங்காலம் எறும்புகள் என் பிறந்தநாளைக் கொண்டாடின. மாதம் முடிந்தபோது அந்தோணி பெர்மனென்ட் ஆனான். சுடலை ஓசூருக்கு வேலை தேடிப் போனான். கிளம்பும்போது, "பிரஷர் மாத்திரைய மறக்காம போடுங்க சார்," என்றான். அப்போதும் நான் ராகு காலத்தைப் பற்றிச் சொல்லவில்லை.

அடுத்த ஆண்டு பிறந்தநாளுக்கு மகள் லீவு போட்டிருந்தாள். பேத்திக்கும் பள்ளி இல்லை. அந்தோணி கேக்கோடு வந்து போனை என் கையில் கொடுத்தான். ஓசூரிலிருந்து சுடலை. "கேக் வெட்டியாச்சா சார்? வெட்டிட்டுப் பேசுங்க என்ன!" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை. எல்லாரும் கேட்கச் சொல்லிவிட்டேன்: ராகு காலம், கடிகாரம், எல்லாவற்றையும்.

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"ஒங்களுக்குப் பேச ஆளில்லாமத்தான் பேசுதீகன்னு நெனச்சேன் சார்," என்றான். "அதான் எந்திரிக்கல."

காலண்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"சரி, இன்னைக்கு ராகு காலம் எப்பம்?"

"வியாழக்கிழமை. ஒன்றரையிலிருந்து மூன்று."

"மணி ஒண்ணு நாப்பது. வெட்டுங்க. நான் லைன்லதான் இருக்கேன்."

வெட்டினேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாருக்குப் பிறந்தநாள் என்றாலும், காலண்டரில் ராகு காலம் பார்த்து, சரியாக அதற்குள்தான் கேக் வெட்டுகிறோம். வசந்தாம்மா மட்டும் இன்னும், "நல்ல நாளும் அதுவுமா இன்னா சார் இது?" என்று கேட்கிறார்.

"எங்க தாத்தா பிசிக்ஸ் புரொபசர் ஆன்ட்டி. அப்டித்தான்," என்கிறாள் பேத்தி.

எல்லாரும் சிரிக்கிறார்கள். நான் ஒரு வார்த்தையும் பேசாமல் வெட்டுகிறேன்.