ஒரு மூச்சுக்கு மேற்பட்ட குழந்தை

ஏழு ஏரிகள் இருந்ததால் அதற்கு ஏழேரி நாடு என்று பெயர். அந்த நாட்டு மக்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தங்கள் ராஜாவைத் தாங்களே தேர்ந்தெடுத்துக்கொள்வார்கள். பிறகு அடுத்த ஐந்தாண்டும், இவரை யாரப்பா தேர்ந்தெடுத்தது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருப்பார்கள். மற்றபடி நல்ல ஜனங்கள்.

அங்கே நிலத்துக்குப் பத்திரம் கிடையாது. ஆளின் பெயர்தான் பத்திரம். குழந்தை பிறந்த பதினாறாம் நாள் ஊரே கூடி, எந்த ஏரி, எந்த மடை, எந்த வயல், பெற்றவர் யார், முதலில் கையில் ஏந்தியவர் யார், அன்றைக்கு வெயிலா மழையா என்பது வரை எல்லாவற்றையும் சேர்த்து அதற்குப் பெயர் வைக்கும். தொண்ணூறு நாளுக்குள் தாய் குழந்தையோடு மடைக்குப் போய், அந்த முழுப் பெயரையும் ஒரு சொல் விடாமல் சொல்ல வேண்டும். மடைகாவல்காரர் அதைக் காதால் கேட்டுவிட்டு மடையைத் திறப்பார். அந்தத் தண்ணீர் வயலில் பாய்ந்துவிட்டால், குழந்தைக்கு ஆயுசு முழுக்க ஏரியில் பங்கு உண்டு. தொண்ணூறு நாள் தாண்டிவிட்டால் இல்லை.

செவந்திக்கு ஐப்பசி மாதம் களையெடுத்துக்கொண்டிருந்தபோதே வலி கண்டுவிட்டது. வீட்டுக்குப் போக நேரமில்லை. மூன்றாம் மடைக்குக் காவல் நின்றிருந்த காத்தாயிதான் ஓடிவந்து, வேப்பமரத்தடியில் பிள்ளையைக் கையில் வாங்கினாள். பிள்ளை அழவில்லை. காத்தாயி அதைத் தன் முந்தானையில் சுற்றி, முதுகைத் தேய்த்துத் தேய்த்து, "அழுடி, என் ராசாத்தி, ஒரே ஒருவாட்டி அழுதுடு" என்று கெஞ்சினாள். தூறல் முகத்தில் விழுந்ததும் பிள்ளை வீறிட்டது. பெற்றவளும் ஏந்தியவளும் கூடச் சேர்ந்து அழுதார்கள். அப்படி வந்த பெண்ணுக்கு ஊர் வைத்த பெயர் இது: மருதேரி மூன்றாம் மடை வேம்படி வயல் கொம்பையா செவந்தி பெற்ற காத்தாயி ஏந்திய ஐப்பசித் தூறலில் வந்த பூவரசி.

கொஞ்சம் நீளம்தான். ஆனால் அந்த ஊரில் அதைவிட நீளமான பெயர்கள் இருந்தன. யாருக்கும் வாய் வலித்ததில்லை.

வினை வேறு பக்கத்திலிருந்து வந்தது. தேர்தல் நெருங்கியதால் ராஜா ஊர் ஊராகப் போய்க் குழந்தைகளைத் தூக்கிக் கொஞ்சிக்கொண்டிருந்தார். ஓர் ஊரில் ஒரு கிழவர், "எங்க பேரனோட முழுப் பேரை உங்க வாயால சொல்லுங்க சாமி" என்று கேட்டுவிட்டார். ராஜா நாலாவது சொல்லில் தடுமாறி, ஆறாவது சொல்லில் வழி தெரியாமல் நின்றார். குழந்தை அவர் முகத்தைப் பார்த்துக் கெக்கெக்கே என்று சிரித்தது. கூட்டமும் சிரித்தது. ராஜா சிரித்துக்கொண்டேதான் பல்லக்கில் ஏறினார்.

மறுவாரம் பறை முழங்கியது. மக்களின் நாவுக்கு ஓய்வு தரும் கருணையினால், இனி எந்தக் குழந்தையின் பெயரும் ஒரே மூச்சில் சொல்லி முடிக்கக் கூடியதாக இருக்க வேண்டும் என்றார்கள். ஜனங்கள் சரியென்று இழுத்து மூச்சு வாங்கிப் பழகினார்கள். மறுவாரம் திருத்தம் வந்தது: மூச்சு என்றால் கண்டவர் மூச்சு அல்ல, பெயர்த்துறை அமைச்சரின் மூச்சு. அமைச்சருக்கோ இளைப்பு நோய். படியேறினால் பத்து நிமிடம் உட்கார வேண்டும். அதற்கு அடுத்த வாரம் இன்னொரு திருத்தம்: அமைச்சர் அளந்து கொடுத்த பெயர்ச்சீட்டு இல்லாத குழந்தைக்கு மடை திறக்கக் கூடாது, சீட்டில் இல்லாத பெயரை மடையில் சொல்பவர்களும் கேட்பவர்களும் சிறைக்குப் போக வேண்டும்.

ஆகவே எண்பத்து மூன்றாம் நாள் செவந்தியும் அவள் புருஷன் கொம்பையாவும் பூவரசியைத் தூக்கிக்கொண்டு தலைநகருக்கு நடந்தார்கள். கொம்பையா பயந்த சுபாவம். வழியெல்லாம், "அவங்க சொன்னதுக்குத் தலையாட்டிட்டு வந்துடுவோம் புள்ள, எதிர்த்துப் பேசிடாத" என்று சொல்லிக்கொண்டே வந்தான். செவந்தி வெயில் படாமல் பிள்ளையின் தலைக்கு முந்தானையைப் பிடித்தபடியே நடந்தாள்.

அமைச்சர் பெரிய மெத்தையில் சாய்ந்திருந்தார். பக்கத்தில் ஓர் எழுத்தர். கொம்பையா கைகட்டி நின்று பெயரைச் சொன்னான். அமைச்சர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"மருதேரி மூன்றாம்..."

அவ்வளவுதான். இருமல் வந்துவிட்டது. எழுத்தர் முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டு, "இரண்டு சொல் தேறியது" என்று எழுதினார்.

"குழந்தையைப் பார்த்தால் சிறியதாக இருக்கிறது. பெயர் மட்டும் ஏன் இத்தனை பெரியது?" என்று கேட்டார் அமைச்சர்.

"வளந்துடுங்க" என்றாள் செவந்தி.

"நாம் யாருக்கும் அநீதி செய்ய விரும்பவில்லை. ஒவ்வொரு சொல்லாகப் பரிசீலிப்போம். ஐப்பசித் தூறல் என்று இருக்கிறதே, அந்தத் தூறல் இப்போது பெய்கிறதா?"

"இல்லீங்க. அது அன்னிக்கே நின்னுடுச்சு."

"நின்றுபோன தூறலுக்குப் பெயரில் என்ன வேலை? நீக்குக."

"தூறல் நின்னுடுச்சுங்க, புள்ள இருக்குதுல்ல? அந்தத் தூறல் முகத்துல விழுந்துதான் மூச்சு வந்துச்சு."

"மூச்சு வந்துவிட்டதல்லவா? அப்படியானால் தூறலின் பணி முடிந்தது." எழுத்தர் கோடு கிழித்தார். அமைச்சர் தொடர்ந்தார். "காத்தாயி யார்? உறவா?"

"உறவெல்லாம் இல்லீங்க. மடைகாவல்காரக்கா. அவங்கதான் கையில வாங்கினது."

"உறவில்லாதவர் பெயர், உறவுள்ள பெயரில். வெளியாள் ஊடுருவல்." எழுத்தர் மறுபடியும் கோடு கிழித்தார். பெற்றவர் பெயரைப் பற்றி அமைச்சர் நெடுநேரம் யோசித்தார். "பெற்றவர்கள் நேரிலேயே வந்து நிற்கிறீர்கள். கண்ணெதிரே இருப்பவரைப் பெயரிலும் எழுதுவது கூறியது கூறல் ஆகும்" என்று முடித்தார். மீதி இருந்தது ஏரியும் மடையும் வயலும். "இவை இடப்பெயர்கள். குழந்தை ஓர் இடமா?"

செவந்தி பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டாள். எதிர்த்துப் பேசாதே என்று சொன்ன கொம்பையாதான் இப்போது வாய் திறந்தான்.

"அய்யா, அதையாச்சும் உட்டுடுங்க. அது இல்லாம மடை தொறக்க மாட்டாங்க. என் புள்ள தண்ணி இல்லாத வயலை வச்சுக்கிட்டு என்ன பண்ணும்?"

"சட்டம் அழுகைக்கு வளையாது" என்றார் அமைச்சர், கொஞ்சம் வருத்தமாகவே. அதற்குள் பூவரசி கையை நீட்டி எழுத்தரின் எழுத்தாணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. எழுத்தர் இழுத்துப் பார்த்தார். அது விடவில்லை. செவந்திதான் ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்துக் கொடுத்தாள். தன் பிள்ளையின் பெயரை வெட்டுவதற்கான எழுத்தாணியைத் தானே எடுத்துக் கொடுத்தோமே என்று அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது.

சீட்டு கையில் வந்தது. அதில் ஒரே ஒரு சொல்: பூவரசி.

வெளியே வந்தால், அரண்மனை வாசலில் கட்டியக்காரன் ராஜாவின் வருகையை முழங்கிக்கொண்டிருந்தான். அடேயப்பா, அதற்கு ஒரு முடிவே இல்லை. அவன் களைத்தால் இன்னொருவன் வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். "அல்லியேரி அளித்த, தாமரையேரி தாங்கிய..." என்று போய்க்கொண்டே இருந்தது. நடுவில் "மருதேரி காத்த" என்று வந்ததும் செவந்தி நின்றுவிட்டாள்.

"அது எங்க ஏரியாச்சே! அவரு பேருல எப்படி வந்துச்சு?" என்று பின்னால் வந்த எழுத்தரைக் கேட்டாள்.

"யார் பெயரிலும் இல்லாத ஏரி அரசருக்குச் சேரும். ஏழாம் திருத்தம். இப்போது பிறக்கும் பிள்ளைகள் யார் பெயரிலும் ஏரி இல்லை. ஒரு தலைமுறை போனால் ஒருவர் பெயரிலும் இருக்காது. அரசர் முன்யோசனைக்காரர், அதனால் இப்போதே சேர்த்துக்கொண்டார்."

"அப்ப அவரு பேரு ஒரு மூச்சுல அடங்குதாங்க?"

எழுத்தர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "அது பெயர் இல்லையம்மா. விருது. சட்டம் பெயருக்குத்தான்."

ஊர் திரும்பும் வழியெல்லாம் பூவரசி மட்டும் ஏதேதோ பேசிக்கொண்டு வந்தது. ஊரில் மற்ற தாய்மார்களும் இதே போலச் சீட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். சீட்டில் உள்ளதைச் சொன்னால் அதில் ஏரி இல்லை, மடை திறக்காது. ஏரியைச் சொன்னால் அது சீட்டில் இல்லை, சிறை. காத்தாயி, "சாமி சத்தியமா எனக்கு வேற வழி தெரியலடி. பேரு முழுசா காதுல விழாம மடையில கை வச்சா இந்த ஊரு தண்ணி வழக்கமே போயிடும்" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். போதாக்குறைக்கு, மூன்றாம் மடையில் ராஜாவின் காவலன் ஒருவன் ஈட்டியோடு வந்து நின்றான். யாராவது நீளமாகப் பெயர் சொல்கிறார்களா என்று கேட்பதுதான் அவன் உத்தியோகம்.

தொண்ணூறாம் நாள் காலையில் செவந்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மடைக்குப் போனாள். என்ன செய்யப் போகிறோம் என்று அவளுக்கே தெரியாது. போகாமல் வீட்டில் உட்கார்ந்திருக்க மனசு கேட்கவில்லை, அவ்வளவுதான். கொம்பையா மண்வெட்டியோடு பின்னாலேயே வந்தான். தண்ணீர் வராத வயலுக்கு மண்வெட்டி எதற்கு என்று அவனை யாரும் கேட்கவில்லை.

காவலன் சீட்டை வாங்கிப் பார்த்தான். "பூவரசி. சொல்லுங்க."

"பூவரசி" என்றாள் செவந்தி.

காத்தாயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மடை அப்படியே இருந்தது. தாயின் தவிப்பு பிள்ளைக்குத் தெரிந்துவிட்டதோ என்னவோ, பூவரசி உதட்டைப் பிதுக்கி, ஓவென்று அழ ஆரம்பித்தது. செவந்தி தோளில் போட்டுத் தட்டினாள், கேட்கவில்லை. மடியில் போட்டு ஆட்டினாள், கேட்கவில்லை. அழுகிற பிள்ளைக்கு எந்தத் தாயும் செய்வதைத்தான் அவளும் செய்தாள்.

"ஆராரோ ஆரிரரோ... மருதேரித் தண்ணியே, மூணாம் மடை வாசலே, வேம்படி வயலுக்கு யாரு வந்தா பாருங்களேன்... கொம்பையா செவந்தி பெத்த கொழுந்தே, காத்தாயி ஏந்திய கண்ணே, ஐப்பசித் தூறலில வந்தவளே, ஆராரோ, பூவரசி..."

"நிறுத்தும்மா. என்ன இது, பேரு மாதிரி இருக்கு?" என்றான் காவலன்.

"பேரு இல்லீங்கய்யா, தாலாட்டு. பேரு உங்க கையில இருக்கே, ஒரு சொல்லுதான்."

காவலன் இடுப்பிலிருந்த ஆணையோலையைப் பிரித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் படித்தான். பெயர் இருந்தது, மூச்சு இருந்தது, சிறை இருந்தது. தாலாட்டு எங்கேயும் இல்லை. அவன் நிமிர்ந்து பார்ப்பதற்குள் காத்தாயி மடைக்குள் இறங்கிப் பலகையைத் தூக்கிவிட்டிருந்தாள். தண்ணீர் நுரைத்துக்கொண்டு வாய்க்காலில் ஓடியது. அதை வயலுக்குள் திருப்பிவிட, கொம்பையா மண்வெட்டியோடு வரப்பில் விழுந்தடித்து ஓடினான்.

"மடையை ஏன் திறந்தே?"

"தண்ணிச் சத்தம் கேட்டா புள்ளைங்க நல்லாத் தூங்குங்க" என்றாள் காத்தாயி, முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு.

பூவரசி உண்மையாகவே தூங்கிவிட்டது. காவலன் அதன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். ஈட்டியை மரத்தில் சாய்த்துவிட்டு, சுற்றுமுற்றும் பார்த்து, மெல்லக் கேட்டான்: "எங்க வீட்டுலயும் ஒண்ணு கெடக்கும்மா. அறுபத்தேழு நாளாச்சு. அல்லியேரி. அந்த மெட்டை இன்னொரு வாட்டி மெதுவாச் சொல்லு."

செவந்திக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அவள் மெதுவாக, அவனுக்குப் பிடிபடும்வரை திருப்பித் திருப்பிப் பாடினாள்.

அந்த மாதத்துக்குள் ஏழு ஏரியின் மடைகளிலும் பிள்ளைகள் அழுதார்கள், தாய்மார்கள் பாடினார்கள், தண்ணீர் ஓடியது. சட்டம் ஓர் எழுத்தும் மீறப்படவில்லை. அரண்மனையில் அவசரமாக ஆலோசனை நடந்தது. மூன்று நாள் விவாதத்துக்குப் பிறகு பறை முழங்கியது: ஏழேரி நாட்டுக் குழந்தைகள் அனைவரும் இன்று முதல் யாரும் பாடாமலே, சூரியன் மறைந்த ஒரு நாழிகைக்குள், தாமாகவே தூங்கிவிட வேண்டும்.

ஆணை இன்றும் அமலில் இருக்கிறது. குழந்தைகள்தான் இன்னும் ஒத்துழைக்கவில்லை.