பதினொரு வீட்டுக்குத் தலைவன்

அன்புள்ள மருமகன் ஜெயகாந்தனுக்கு, லிந்துலையிலிருந்து தாய்மாமன் ஆண்டியப்பன் எழுதுவது. இங்கே மழையும் நாங்களும் சுகம். உன் பேருக்கு அர்ச்சனை வைத்திருக்கிறேன். இனி அது உனக்குத் தேவைப்படும்.

நம் தேயிலைத் தோட்டத்துக் குடும்பங்களைப் பற்றிக் கும்பாபிஷேக மலர் போட, கொழும்பிலிருந்து நீ ஒரு மென்பொருள் செய்து அனுப்பினாய். "எக்ஸ்எம்எல்ங்கிற கம்ப்யூட்டர் குறியீட்டப் பத்தி நீங்க ஒண்ணும் தெரிஞ்சுக்க வேணாம் மாமா, பெட்டிக்குள்ள எழுதுனா போதும், தப்புன்னா அதுவே சிவப்புக் கோடு போடும்" என்றாய். நானும் கோயில் கமிட்டிச் செயலாளர் என்ற மிதப்பில், லயம் லயமாக, வரிசை வீடு ஒன்று விடாமல் போய்ப் பேர் எழுதி வந்து உட்கார்ந்தேன். ஐந்தாம் லயத்து நாகலெட்சுமி, அதுதான் அடுத்த வெள்ளிக்கிழமை நீ பரிசம் போடப்போகிற பிரேமினியின் அம்மா, "அவரு போயி பன்னெண்டு வருஷமாச்சுண்ணே. கொழுந்து எடுத்து வீட்ட நடத்துறது நான். தலைவர்னு என் பேரப் போடுங்க" என்று சொல்லியிருந்தார். போட்டேன், சிவப்புக் கோடு. இனிஷியலோடு போட்டேன், அதற்கும் கோடு. குடும்பத் தலைவர் ஆணாக இருக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் சேமிக்காதாம். புருஷன் இல்லாத பதினொரு வீட்டுக்கும் இதே கூத்து. அச்சகத்துக்காரரோ வாசலில் நிற்கிறார். பெட்டியில் மாதிரிக்கு நீ வைத்திருந்த பேரை அழிக்காமல் விட்டால் மட்டும் கோடு வரவில்லை. பிறகு திருத்தலாம் என்று விட்டேன், திருத்த மறந்தேன், முந்நூறு பிரதி அச்சாகி நேற்றுக் கோயிலில் கொடுத்தாகிவிட்டது.

மாதிரிக்கு நீ வைத்திருந்தது உன் பேர்.

இப்போது பதினொரு வீட்டுக்கும் நீதான் குடும்பத் தலைவன், வருங்கால மாமியார் வீடு உட்பட. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடும் பெரட்டுக் களத்தில் வேறு பேச்சே இல்லை. அந்தப் பதினொன்றில் ஒரு வீட்டுக்காரி மீனம்மா என்னை மறித்து, "எங்க வீட்டுத் தலைவரு எப்பண்ணே வருவாரு? கூரை ஒழுகுது" என்று கேட்கிறாள். நாகலெட்சுமி மட்டும் சிரிக்கவில்லை. தன் பேர் வராமல் பரிசத்தட்டு வாசலுக்கு வரக்கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். எனக்கு வெளியே தலைகாட்ட வெட்கமாக இருக்கிறது. ஆண்தான் தலைவர் என்கிற அந்த விதியை உடனே மாற்றி அனுப்பு. திருத்திய பக்கத்தை நானே வீடு வீடாகப் போய் ஒட்டுகிறேன். ஒரே நிம்மதி, விதியை எழுதியது நீ என்று யாருக்கும் தெரியாது. கம்ப்யூட்டரே போட்ட கோடு என்று சாதித்துவிட்டேன். நீ தைரியமாக வா.

முருகன் உன்னையும், மிச்சமிருந்தால் என்னையும் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
ஆண்டியப்பன்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது நாகலெட்சுமியே வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டார். தன் பேரை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். கோடு வந்தது. "இந்தக் கோட்டப் போட்டது யாருண்ணே?" என்றார். அந்த முகத்தைப் பார்த்து எனக்குப் பொய் வரவில்லை, உன் பேரைச் சொல்லிவிட்டேன். அதற்கு அவர் சொன்னார்: "மாப்பிள்ளைய வெள்ளிக்கிழம வரச் சொல்லுங்க. தட்ட அப்புறம் பாப்போம். மொதல்ல இங்க உக்காந்து, என் பேர அவரு கையால எழுதட்டும்."