முன் இடது சக்கரத்தின் எலி

அரசு வாகனத்தின் எந்த உறுப்பும் காரணமின்றிச் சேதமடைய விதிகளில் இடமில்லை. ஆகவே, தாம்பரம் சாலை நலக் கண்காணிப்புப் பிரிவின் கார் ஒரு செவ்வாய்க்கிழமை முன் இடது சக்கரத்தின் லைனரை இழந்து வந்து நின்றபோது, அலுவலகம் முதலில் லைனரைத் தேடவில்லை, காரணத்தைத் தேடியது. லைனர் என்பது சக்கரத்துக்கு மேலே உள்பக்கமாக வளைந்திருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் தட்டு. சேறும் கல்லும் உள்ளே ஏறாமல் தடுப்பது அதன் கடமை. அப்பளத்தைவிடக் கொஞ்சம் கெட்டியாக இருக்கும்.

காரை ஓட்டியவர் பாலகுரு. எட்டு வருஷமாகத் தற்காலிக ஓட்டுநர். பணி நிரந்தரம் கேட்டுப் போன அவருடைய கோப்பு அந்த மாதம்தான் கையெழுத்துக்கு நகர்ந்திருந்தது. இந்த நேரத்தில் 'கவனக்குறைவு' என்று ஒரு வார்த்தை அதில் சேர்ந்தால் எட்டு வருஷமும் போச்சு.

கண்காணிப்பாளர் லோகநாயகி படிவத்தை விரித்தார்.

"காரணம் சொல்லுங்க பாலகுரு."

"பள்ளம்தான் மேடம். முட்டி ஆழத்துக்கு கீது."

"பள்ளமா? நம்ம ஏரியாவுல பள்ளமே இல்லைன்னு போன வாரம்தானே இன்ஜினியர் சார் சர்டிபிகேட் கொடுத்தாரு?"

"அப்போ ஸ்பீடு பிரேக்கர்னு போடுங்க."

"அனுமதி வாங்கினது ரெண்டுதான். அது ரெண்டையும் இன்னும் போடலை."

"தேங்கின மழைத் தண்ணி?"

"எல்லாம் வடிஞ்சிடுச்சுன்னு ஜூலையிலயே ரிப்போர்ட் போயாச்சு."

"மழையே அக்டோபர்லதானே மேடம் வந்துச்சு?"

"கடைசி நேரத்துல எழுதிக்கிட்டு இருக்க முடியுமா?"

லோகநாயகி இரக்கமுள்ளவர். பேனா மூடியைக் கடித்தபடி யோசித்துவிட்டு 'எலி' என்று எழுதினார். சாலைக்கு, தண்ணீருக்கு, நாய்க்கு, கொசுவுக்கு எல்லாம் தனித்தனிப் பிரிவுகள் இருந்தன. எலிக்கு மட்டும் யாரும் பொறுப்பில்லை. எனவே யாரும் ஆட்சேபிக்கவில்லை. புது லைனர் வந்தது.

மூன்றாம் நாள் அதே பள்ளம் அதையும் தின்றது.

"ஒரே எலி ஒரே சக்கரத்தை ரெண்டு தடவை கடிச்சா ஆடிட்ல கேள்வி வரும்," என்றார் லோகநாயகி. "நீங்களே ஏதாவது பார்த்துக்கோங்க."

ஸ்டோர் ரூம் மூலையில் ஒரு பிளாஸ்டிக் பலகை கேட்பாரற்றுக் கிடந்தது. பாலகுரு அதைக் கேம்ப் ரோட்டு மெக்கானிக் சவுரிமுத்துவிடம் கொண்டுபோனார்.

"இன்னா தலைவா, எழுத்தெல்லாம் கீதே இதுல?"

"எழுத்து இருந்தா தண்ணி உள்ள பூந்துடுமா? வெட்டுண்ணே."

சவுரிமுத்து சூடு காட்டி வளைத்து, ஓரம் வெட்டி, நாலு கிளிப்பும் ஆறு கேபிள் டையும் போட்டு இறுக்கினார். "கம்பெனி பார்ட்டே தோத்துடும். பள்ளத்தைக் கண்டா மட்டும் மெதுவா ஓட்டு."

"பள்ளமா? இது பள்ளமில்லாத ஏரியாண்ணே. சர்டிபிகேட் கீது."

மறுநாள் காலை உதவிப் பொறியாளர் சாம்பசிவன் பரபரத்துக்கொண்டு வந்தார். சாலைப் பணி முடிந்த நாற்பது தெருக்களிலும் பலகை வைத்து, இடம் பதிவாகும்படி போட்டோ எடுத்து, மாலைக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும். பணி எங்கும் தொடங்கவில்லை என்பது வேறு விஷயம். நாற்பது பலகைக்கு உத்தரவு போயிருந்தது. வந்தது ஒன்று.

"அந்தப் பலகை எங்கேய்யா?"

"வண்டியிலதான் சார் கீது."

"பேஷ், அதுக்குள்ள ஏத்திட்டியா?"

"ஏத்தலை சார். சக்கரத்துக்கு மேல மாட்டிட்டேன்."

சாம்பசிவன் குனிந்து பார்த்தார். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தபோது, டயருக்குப் பின்னால் சேற்றுக்கு நடுவே 'பணி செவ்வனே முடிவுற்றது' என்று தெரிந்தது. தன் கோப்பு திரும்பி நடந்து வருவது பாலகுருவின் கண்ணுக்குத் தெரிந்தது.

லோகநாயகி சுற்றறிக்கையைப் படித்துப் பார்த்தார். "பலகை அந்தந்தத் தெருவுல இருக்கணும்னுதான் சார் போட்டிருக்கு. தரையில ஊணணும்னு போடலை."

கார் புறப்பட்டது. தெருவுக்குத் தெரு நின்று, ஸ்டியரிங்கை ஒடித்து, பாலகுருவே இறங்கிப் போட்டோ எடுத்து, அங்கேயே இணையத்திலும் ஏற்றினார். செம்பாக்கம் ஏரிப்பக்கம் பதினோரு தெரு முடிந்தது. மாடம்பாக்கத்தைத் தாண்டுவதற்குள் இருபத்தாறு முடிந்தது. டீ குடிக்க நிறுத்திய இடத்தில் பட்டியலிலேயே இல்லாத ஒரு தெரு தவறுதலாக முடிந்துவிட்டது.

நாற்பதாவது, பீர்க்கன்கரணையில் பாலகுரு குடியிருந்த தெரு. இரண்டு லைனர்களைத் தின்ற பள்ளம் அங்கேதான் இருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர் வந்துபோகும் வழி. காரைக் கண்டதும் ஜனங்கள் கூடினார்கள். அடி விழும் என்றே பாலகுரு நினைத்தார்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் வேதசிரோமணி முன்னால் வந்தார். "பக்கத்துத் தெரு முடிஞ்சிடுச்சாமேப்பா? நெட்ல பார்த்துட்டு அங்கே மனை கேட்டு ஆள் வந்தாச்சு. நம்ம தெரு மட்டும் பாக்கின்னா மரியாதையா இருக்கா?"

"பள்ளம் அப்படியே கீதே சார்?"

"அது போட்டோவுல விழாதபடி நாங்க சுத்தி நின்னுக்கறோம்."

நின்றார்கள். சிரிக்கவும் செய்தார்கள்.

ஒரே வாரத்தில் அந்தத் தெருக் கார்களுக்கெல்லாம் சவுரிமுத்து அதே வாசகம் போட்ட லைனர் மாட்டிக் கொடுத்தார். வாசகம் இல்லாத வெறும் லைனரோடு வந்தவர்களைச் சங்கக் கூட்டத்தில் ஒரு மாதிரி பார்த்தார்கள்.

வெள்ளிக்கிழமை பாலகுருவுக்குப் பணி நிரந்தர ஆணை கிடைத்தது. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பைக்கில் வீட்டுக்குப் பறந்தார். தெருமுனையில் திரும்பியவர், தான் போட்டோ எடுக்காத அந்தப் பள்ளத்தில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். தெருவே ஓடிவந்து தூக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தது.

லோகநாயகி போன் செய்தார். "லீவு படிவத்துல காரணம் என்ன போடட்டும் பாலகுரு? பள்ளம்னா நீங்க எடுத்த போட்டோ பொய்யாயிடும். கவனக்குறைவுன்னா ஆர்டரே போயிடும்."

பாலகுரு மாவுக்கட்டைப் பார்த்தார். கட்டிலைச் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். யாராவது ஒருத்தர் வாய் தவறியாவது பள்ளம் என்று சொல்லிவிட மாட்டார்களா என்று ஒரு கணம் அவருக்கே ஏக்கமாக இருந்தது.

வேதசிரோமணி போனை வாங்கிக்கொண்டார். "மேடம், முப்பது குடும்பம் கண்ணால பார்த்தோம். எலிதான். குறுக்கே பாய்ஞ்சுது."

முப்பது கையெழுத்துகளுடன் மனுவும் போனது. அலுவலகம் இம்முறை சிறிதும் தாமதிக்கவில்லை. பத்தே நாளில் அந்தத் தெருவுக்கு ஓர் எலிப்பொறி அனுமதிக்கப்பட்டது. நடுத்தெருவிலேயே, முட்டி ஆழத்தில், அதை வைக்கத் தோதான இடமும் தயாராக இருந்தது.