எட்டு கிர்

போன சனிக்கிழமை மதியம் நான் ஒரு மாபெரும் தீர்மானத்துக்கு வந்தேன். பக்கத்து வீட்டுப் பல் டாக்டரை இனிமேல் எனக்கு முன்னால் போக விடுவதில்லை.

தப்பாக நினைக்க வேண்டாம். டாக்டர் தங்கமான மனிதர். என் கடவாய்ப் பல்லைப் பிடுங்கியபோதுகூட எனக்கு வலிக்கவில்லை. ஆனால் மாதம் ஒரு ஞாயிறு, ஊருக்கு வெளியே இருக்கும் பந்தயத் தடத்தில் எங்களைப் போன்ற ஆசைக்கு ஓட்டுகிறவர்கள் கார் ஓட்டுவோம். அங்கே அவர் ஒரு சுற்றுக்கு இரண்டு வினாடி என்னை முந்துகிறார். அது வலிக்கிறது.

அதைவிட வலிப்பது வேறு ஒன்று. அவர் கோட்டைத் தாண்டினால் கேலரியில் அவர் மனைவி, மாமியார், இரண்டு மைத்துனர்கள் எழுந்து நின்று கத்துவார்கள். நான் தாண்டினால் கேலரியில் ஒரு குடை இருக்கும். யாரோ மறந்துவிட்டுப் போன குடை. பதினோரு மாதமாக எனக்கென்று இருப்பது அதுதான். அதுவும் கை தட்டியதில்லை.

மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனதிலிருந்து எங்கள் வீடு இப்படித்தான். மனைவி ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். அவள் வரும்போது நான் ஆபீஸ் கிளம்புவேன். நான் வரும்போது அவள் கிளம்புவாள். இரண்டு பேரும் வீட்டில் இருக்கும் நேரத்தில் நான் ஷெட்டில் காருக்கு அடியில் இருப்பேன். அவள் ஷெட் வாசலில் நின்று ஏதாவது சொல்வாள். நான் "ம்" என்பேன். அந்த ஒற்றை எழுத்தை வைத்தே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தேன். தனியாக இருக்கிறோமே என்று தோன்றினால் காருக்கு அடியில் இன்னும் கொஞ்சம் உள்ளே தவழ்ந்து போவேன்.

விஷயத்துக்கு வருகிறேன். டாக்டரை முந்த நான் வாங்கியது ஸ்பேசர். சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவில் மாட்டும் வட்டத் தகடு. மாட்டினால் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். வளைவில் கார் காலை அகட்டிக்கொண்டு தைரியமாகத் திரும்பும்.

பெட்டியில் ஒரு தாளும் இருந்தது. தகடு பத்து மில்லிமீட்டர் தடிமன், ஆகவே சக்கரத்தைப் பிடிக்கும் போல்ட்டுகளை நீளமானவையாக மாற்றிவிட்டுத்தான் மாட்ட வேண்டும் என்றது தாள். அதற்கு அச்சைப் பிரிக்க வேண்டும். இரண்டு நாள் வேலை. பந்தயமோ மறுநாள். தாளை டீ டம்ளருக்கு அடியில் வைத்துவிட்டு வேலையில் இறங்கினேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் மனைவி நைட் டியூட்டி முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். பூனைபோல வேலை செய்தேன். ஸ்பேனர் மட்டும் சுற்றுக்கு இரண்டு தரம் கிர், கிர் என்றது. பழைய போல்ட்டில் நட்டைத் திருகினால் நாலே சுற்றில் இறுகி நின்றுவிட்டது. நல்லதாகப் போயிற்று, கை வலி மிச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயந்திரம் அவள் டம்ளரை எடுக்க வந்தாள்.

"என்னங்க, மத்தியானம் ஷெட்ல என்ன சத்தம்?"

"எலி."

"எலி ஸ்பேனர் பிடிக்குமா?"

"இந்தக் காலத்து எலி எதையும் பிடிக்கும்."

"காருக்குப் புதுசா ஏதாவது மாட்டினீங்களா?"

"சேச்சே! துடைச்சேன். அவ்வளவுதான். நான் என்ன சின்னப் பிள்ளையா?"

"சின்னப் பிள்ளைன்னா ஒரு அடி போட்டு உக்கார வைக்கலாம்."

நாளைக்கு நீயும் வாயேன் என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அவளே, "நாளைக்குக் காலைல சீக்கிரம் கிளம்பணும், வேலை இருக்கு" என்றாள். என்ன வேலை என்று கேட்டிருக்கலாம்.

"ம்" என்றேன்.

மறுநாள் நான் எழுந்தபோது அவள் போய்விட்டிருந்தாள். என் கார் சாதாரண ரோட்டில் ஓடக் கூடாத வகை. அது ராஜா மாதிரி லாரி மேல் ஏறி வந்தது. நான் டிரைவர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு போனேன்.

தடத்தின் வாசலில் எல்லாக் கார்களையும் பரிசோதகர் பார்ப்பார். வழக்கமாகச் சக்கரத்தை இரண்டு ஆட்டு ஆட்டிவிட்டு முத்திரை குத்துவார். அன்றைக்கு நேராக என் முன் சக்கரத்துக்கு எதிரே உட்கார்ந்தார்.

"இதைக் கழட்டணும் சார்."

"எப்பவும் ஆட்டித்தானே பாப்பீங்க?"

"இன்னைக்குத் தகவல் வந்திருக்கு."

நட்டைத் திருப்பிக்கொண்டே வாய்விட்டு எண்ணினார். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. நட்டு அவர் உள்ளங்கையில் விழுந்தது.

"போல்ட் பன்னண்டு மில்லிமீட்டர் பருமன் சார். அந்தப் பருமன் அளவுக்காவது நட்டு மரையில ஏறிப் பிடிச்சிருக்கணும். இதுக்குக் கொறைஞ்சது எட்டு சுத்து. உங்களுது நாலு. மூணாவது வளைவுல சக்கரம் தனியாக் கழண்டு ஓடியிருக்கும்."

"டாக்டரை முந்தியிருக்குமா?"

"சக்கரம் முந்தியிருக்கும் சார்."

பயந்துதான் போனேன். ஆனாலும் கோபம் பெரிதாக இருந்தது. "தகவல் குடுத்த மகராசன் யாரு?"

"மகராசிங்க. கடைசி வளைவுல, முதலுதவி டென்ட் நர்ஸம்மா."

சண்டை போடத் தயாராக டென்ட்டுக்குள் நுழைந்தேன். ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு, மடக்கு மேஜையில் கத்திரிக்கோல்களைப் பரப்பி வைத்து எண்ணிக்கொண்டிருந்தாள் என் மனைவி.

"நீ இங்க என்ன பண்றே?"

"எண்ணிட்டிருக்கேன், கலைக்காதீங்க. ஏழு, எட்டு. ம், சொல்லுங்க."

"எப்பலேர்ந்து இங்க வர்றே?"

"நீங்க முதல் தடவை ஓட்டின நாள்லேர்ந்து. பதினோரு மாசம்."

"எங்கிட்டச் சொல்லவே இல்லையே!"

"சொன்னேனே. கிளப்புக்கு நர்ஸ் வேணுமாம், நீங்க ஓட்டற அன்னைக்கெல்லாம் நானும் அங்க இருப்பேன்னு சொன்னேன். காருக்கு அடியிலேர்ந்து 'ம்'னீங்க."

உட்கார இடம் தேடினேன். அவளே ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டாள்.

"ஸ்பேசர் விஷயம் உனக்கு எப்படித் தெரியும்? நீ தூங்கிட்டுல்ல இருந்தே?"

"கண்ணை மூடிப் படுத்திருந்தேன். தினமும் சுவத்துக்கு அந்தப் பக்கம் உங்க சத்தம்தானே எனக்குத் துணை? கழட்டும்போது ஒரு நட்டுக்கு இருபத்திரண்டு கிர். மாட்டும்போது எட்டு கிர். வயித்துக்குள்ள பன்னண்டு பஞ்சு போய் ஒம்போது வெளிய வந்தா நான் தைக்க விடுவேனா?" பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தாள். நடுவில் டீ டம்ளரின் வட்டம்.

"அப்பவே ரெண்டு வார்த்தை திட்டியிருக்கலாமே!"

"கேட்டேன், எலின்னீங்க. நான் திட்டினா 'ம்'. பரிசோதகர் சொன்னா காரே நகராது." தாளை நாலாக மடித்தாள். "மாசா மாசம் உங்க கார் இந்த வளைவைத் தாண்டற வரைக்கும் நான் மூச்சு விடறதில்ல, தெரியுமா?"

தெரியாது. நான் குடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீளமான போல்ட் பதினாறு சொல்லியாச்சு. வியாழக்கிழமை வரும். அச்சைப் பிரிக்க மெக்கானிக்கும் வருவார். அடுத்த தடவை முதல் அஞ்சு சுத்து ஓட்டினதும் இங்க நிறுத்தணும், மறுபடி இறுக்கிப் பாக்கணும். நான் எண்ணுவேன்."

அன்று நான் ஓட்டவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கார்கள் சீறிக்கொண்டு வளைவைக் கடந்தன. டாக்டர் ஜெயித்தார். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. எத்தனையோ மாதம் கழித்து நாங்கள் இரண்டு பேரும் ஒரே இடத்தில் ஒரு பகல் முழுக்க இருந்தோம். நெஞ்சு நிறைந்து, சொல்லாததையெல்லாம் சொன்னேன். கேலரியில் உன்னைத் தேடினேன், வீட்டில் ரொம்பத் தனியாக இருந்தது, இனிமேல் நீ பேசினால் காருக்கு அடியிலிருந்து வெளியே வந்து முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்வேன் என்றேன். என் கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது.

அடுத்த கார் வளைவுக்கு வந்துகொண்டிருந்தது. அதிலிருந்து கண்ணை எடுக்காமல் அவள் சொன்னாள்:

"ம்."