ஐம்பது வாட்டிலிருந்து அரை வாட்டுக்கு

திருப்புளிக்காரர் என்றொரு இனம் நம் நடுவே நடமாடுகிறது. எலக்ட்ரீஷியனையோ மெக்கானிக்கையோ சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். அவர்கள் வேலை முடிந்ததும் திருப்புளியைக் கீழே வைக்கிறவர்கள். நான் சொல்கிறவர் அதைக் கையில் எடுத்த பிறகுதான் வேலையைத் தேடுவார். கடையிலிருந்து எந்தப் பொருள் வந்தாலும் அது ஓடுகிறதா என்று பார்ப்பதற்கு முன்பே பின்பக்க மூடியைக் கழற்றிவிடுவார். புதுச் சைக்கிளுக்கு வேறு சீட்டு, புது மிக்சிக்கு வேறு கால், புதுச் செருப்புக்கு உள்ளே இன்னொரு செருப்பு. ஓட்டினாரா, அரைத்தாரா, நடந்தாரா? அதையெல்லாம் கேட்கக்கூடாது.

எனக்குத் தெரிந்த ஒருவர் புதுச்சேரி உழவர்கரையில் மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறார். மனைவி பெயர் துர்கா. என் மனைவி பெயரும் துர்காதான், நானும் அதே மாடியில்தான் இருக்கிறேன், என்ன செய்வது, சில ஒற்றுமைகள் அப்படி அமைந்துவிடுகின்றன. சரி, நான்தான்.

நாற்பத்தாறு வயதில் எனக்குக் கிட்டார் மேல் ஆசை வந்தது. ஆசை வந்தால் கற்றுக்கொள்வது சாதாரண மனிதர் வழி. நான் ஆம்ப் வாங்கினேன், கிட்டார் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும் பெட்டி. அதுவும் வால்வு ஆம்ப்: பழைய ரேடியோக்களில் செக்கச் செவேலென்று எரியுமே, அந்த மாதிரிக் கண்ணாடி வால்வுகள் நான்கை வைத்து, போன வருடம் செய்து, அறுபது வருடப் பழசு போலத் துணி ஒட்டி அனுப்பிய ஐம்பது வாட் பெட்டி. கல்யாண மண்டபத்துக்குப் போதும். எங்கள் ஹால் பத்துக்குப் பன்னிரண்டு.

முதல் நாள் ஐந்து நிமிடம்தான் வாசித்தேன். கீழ்வீட்டு மதாம் ஜெனவியேவ் மேலே வந்துவிட்டார். வீட்டுச் சொந்தக்காரரும் அவர்தான்.

"முசியே, என் அலமாரியில கிளாசெல்லாம் ஆடுது. பிரான்சுல மார்சேயிலேர்ந்து கொண்டாந்த கிளாசு. அடுத்த மாசம் அக்ரிமென்ட் முடியுதில்ல? இன்னொரு தடவ ஆடிச்சின்னா கையெழுத்து கெடையாது. வேற வீடு பாத்துக்குங்க."

அவர் இறங்கியதும் துர்கா கேட்டாள்.

"அதுல சத்தத்த கொறைக்கிற திருகு இல்லியா?"

"இருக்கு."

"அப்ப கொறச்சி வெக்க வேண்டியதுதான?"

"உனக்குப் புரியாது."

இந்த இனத்தை அடையாளம் காண இந்த இரண்டு சொல் போதும்.

ஆனால் விஷயம் உண்மையிலேயே இருக்கிறது, கேளுங்கள். வால்வு ஆம்ப்பை மெதுவாக வைத்தால் சளி பிடித்த கொசு மாதிரி முனகும். மூச்சுமுட்ட வேலை வாங்கினால்தான் குரல் கரகரத்து உருகி வரும். ஆக, அது தொண்டை கிழியக் கத்தவும் வேண்டும், கீழ்வீட்டுக் கிளாஸ் ஆடவும் கூடாது. வழி ஒன்றுதான்: திருகை முழுக்கத் திறந்து வைத்துவிட்டு, பெட்டியின் பலத்தையே குறைத்துவிடுவது. "யானைய வாங்கிப் பட்டினி போட்டுப் பூனையாக்கப் போறீங்க" என்றாள் துர்கா. புரிந்துதான் இருந்திருக்கிறது.

தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் டிரான்ஸ்பார்மர் சுற்றும் அன்வருதீன் பாயிடம் ஆட்டோவில் கொண்டுபோனேன். அவர் மூடியைத் திறந்ததும் என் கை தானாக உள்ளே போனது. பட்டென்று தட்டிவிட்டார்.

"சார், பிளக்க புடுங்கினாலும் உள்ள நானூறு வோல்ட்டு குந்திக்கினு இருக்கும். உங்கள தூக்கிக்கினு ஆஸ்பத்திரிக்கு ஓட எனக்கு இன்னிக்கி டைம் இல்ல."

நான்கு வால்வில் இரண்டைக் கழற்றி, இணைப்பை மாற்றிக் கொடுத்தார். இருபத்தைந்து வாட். மதாம் மாதா கோயில் பூசைக்குப் போகும்போது வீட்டுச் சாவியைத் துர்காவிடம் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். அந்த நேரம் பார்த்து நான் மேலே வாசிக்க, துர்கா கீழே அலமாரி முன்னால் நின்று போனில் சொன்னாள்.

"ஆடுது."

காதின் குணம் அப்படி. சத்தம் பாதியானதாக அது ஒப்புக்கொள்ள, வாட்டைப் பத்தில் ஒன்றாக்க வேண்டும். மறுபடி தட்டாஞ்சாவடி. ஒரு சுவிட்ச் வைத்துப் பன்னிரண்டு வாட். "ஆடுது." மறுபடி ஆட்டோ. வால்வுக்குப் போகும் வோல்ட்டேஜையே இறக்கும் ஒரு சின்ன போர்டு, ஐந்து வாட். "ஒண்ணே ஒண்ணு மட்டும் ஆடுது." அந்த போர்டையும் மாற்றி, அரை வாட்டில் கொண்டுவந்து நிறுத்தினார் பாய். துர்கா போனில் சொன்னாள்: "நின்னுடிச்சி."

இந்த மூன்று வாரத்தில் கிட்டார் எவ்வளவு பழகினேன் என்கிறீர்களா? அதையெல்லாம் கேட்கக்கூடாது என்று சொன்னேனே.

அதன்பிறகு மூன்று நாள் திருகை முழுக்கத் திறந்துவைத்து வாசித்துத் தீர்த்தேன். நான்காம் நாள் மதாம் வந்தார், கையில் அக்ரிமென்ட். பாராட்டத்தான் வந்திருக்கிறார் என்று நாற்காலி போட்டேன்.

"இப்பதான் நல்லா கேக்குது முசியே. முன்ன வெறும் எரைச்சல். என்ன வாசிக்கிறீங்கன்னே புரியல, பெரிய வித்வான்னு நெனச்சிக்கினேன். இப்ப ஒவ்வொரு சுரமும் தனித்தனியா வந்து வுழுது. மூணு நாளா ஒரே பாட்டு, ஒரே எடத்துல ஒரே தப்பு. நாப்பது வருஷம் கோயில்ல ஆர்கன் வாசிச்சவ நான். எங்க போயி ஒக்காந்தாலும் காது அந்த எடத்துலயே போயி நிக்குது. சத்தம்னா ஜன்னல சாத்திக்கலாம். இதுக்கு எத சாத்தறது?"

துர்கா அவசரமாகச் சமையலறைக்குள் போனாள். தோள் குலுங்கியது.

மதாம் அக்ரிமென்டை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். "ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சி வர்றேன். அந்த எடத்த சரியா வாசிச்சிக் காட்டுங்க. அப்பறம் கையெழுத்து."

ஐம்பது வாட்டுக்குப் பின்னால் எவ்வளவு சௌகரியமாக ஒளிந்திருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

நான்கு நாள் இருந்தது. அந்த ஓர் இடத்தை நானூறு தடவை பழகியிருக்கலாம். நான் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு தட்டாஞ்சாவடிக்குப் போனேன். கழுத்து வளைந்திருக்கிறது, தந்தி உயர்ந்திருக்கிறது, அதனால்தான் விரல் வழுக்குகிறது என்று அன்வருதீன் பாயிடம் விளக்கினேன். அவர் ஒற்றைக் கண்ணை மூடிக் கழுத்தைப் பார்த்தார். "வாசிங்க" என்றார். வாசித்தேன்.

"கிட்டாரு நல்லாத்தான் இருக்கு சார். தெறந்து பாக்கணும்னா உங்க கையத்தான் பாக்கணும். அதுக்கு எங்கிட்ட ஸ்பேர் இல்ல."

நாளை ஞாயிறு. பழகவேண்டிய நேரத்தில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுத உட்காரும் முன் கீபோர்டின் பொத்தான்களைக் கழற்றித் துடைத்து மாட்டியதில் ஒரு மணி நேரம் போயிற்று.

நீங்கள் சிரிப்பது தெரிகிறது. தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் இதைப் படிக்கத் தொடங்கும்முன் நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, விசிறியை ஒரு நம்பர் குறைத்து வைத்தீர்களே, முதல் பத்தியையாவது ஒழுங்காகப் படித்தீர்களா?